கம்பெனி நடத்தியவர் மேயரானால் எது கைகொடுக்கும், எது காலை வாரும்? ப்ளூம்பெர்க்கின் 12 ஆண்டுகள்

கேள்வி இதுதான்: "ஒரு பெரிய கம்பெனியை ஜெயித்துக் காட்டியவர் நகரத்தின் மேயராக வந்தால், அந்தத் திறமை அப்படியே நகரத்துக்கும் வருமா? மைக்கேல் ப்ளூம்பெர்க் நியூயார்க்கில் என்னதான் செய்தார்?"

பாதி வரும், பாதி வராது. முடிவெடுக்கும் சாவி மேயரின் கையிலேயே இருந்த இடங்களில் கம்பெனி அனுபவம் நன்றாக வேலை செய்தது. சாவி வேறொருவர் கையில் இருந்த இடங்களில் அவருடைய பணமும் வேகமும் பெரிதாக எடுபடவில்லை. அவருடைய 12 வருஷத்தை இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் பல விஷயம் விளங்கும்.

முதலில் அவர் எந்த மாதிரி நிர்வாகி என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1942இல் பாஸ்டனில் பிறந்தவர். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மின்பொறியியல், ஹார்வர்டில் எம்பிஏ. 1966இல் வால் ஸ்ட்ரீட்டின் சாலமன் பிரதர்ஸில் சேர்ந்தபோது கிடைத்த வேலை, ஏசி இல்லாத பெட்டக அறையில் உட்கார்ந்து பத்திரங்களைக் கையால் எண்ணுவது. 1972இல் பார்ட்னர் ஆனார், பங்கு வர்த்தகப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். 1979இல் அவரைக் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தள்ளினார்கள். வர்த்தகம்தான் ராஜா என்றிருந்த அந்த நிறுவனத்தில் அது ஓரங்கட்டல். 1981இல் சாலமன் கைமாறியதும் அவரை வெளியே அனுப்பினார்கள். அவருடைய பங்குக்குக் கிடைத்தது சுமார் 1 கோடி டாலர்.

அந்த ஓரங்கட்டலே பிறகு முதலீடாகிவிட்டது. அன்றைய கடன்பத்திரச் சந்தையில் விலை என்னவென்று யாருக்கும் பொதுவில் தெரியாது, டீலருக்குப் போன் போட்டுத்தான் கேட்க வேண்டும். விற்பவருக்கு எல்லாம் தெரியும், வாங்குபவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த இடைவெளியை ஒரு திரையில் அடைத்துக் கொடுத்ததுதான் ப்ளூம்பெர்க் டெர்மினல். 1982இல் மெரில் லிஞ்ச் முதல் வாடிக்கையாளரானது. பிறகு 3 கோடி டாலர் போட்டு 30 சதவீதப் பங்கும் வாங்கிக்கொண்டது. டெர்மினலை விற்கவில்லை, வாடகைக்குத்தான் விட்டார்கள். அதில் ஒரு சின்ன ஏற்பாடு உண்டு: ஹெல்ப் பட்டனை இரண்டு தடவை அழுத்தினால் நிஜமான ஒரு ஆள் பதில் சொல்ல வருவார். இந்தப் பட்டனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

தேர்தல் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். காலமெல்லாம் ஜனநாயகக் கட்சிக்காரராக இருந்தவர், அங்கே வேட்பாளர் வரிசை நீளம் என்பதால் குடியரசுக் கட்சிக்குத் தாவினார். 2001 செப்டம்பர் 11 அன்றுதான் கட்சிகளின் உள்தேர்தல். காலையில் வாக்குப்பதிவு தொடங்கிய பிறகு கோபுரங்கள் விழுந்தன, தேர்தல் இரண்டு வாரம் தள்ளிப்போனது. நவம்பரில் மார்க் க்ரீனை இரண்டு சதவீதம் சொச்சத்தில் வென்றார். செலவு சுமார் 7 கோடியே 40 லட்சம் டாலர், எல்லாம் சொந்தப் பணம். நியூயார்க்கில் சிறு நன்கொடைகளுக்கு நகரமே பல மடங்கு பணம் சேர்த்துத் தரும் திட்டம் உண்டு. அதை ஏற்றால் செலவுக்கு உச்சவரம்பு வரும். அவர் ஏற்கவில்லை. சொந்தப் பணத்தைச் செலவழிப்பதற்கு வரம்பு போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1976இலேயே சொல்லிவிட்டதால் சட்டச் சிக்கலும் இல்லை. எதிரணி இதை விலைக்கு வாங்கிய வெற்றி என்றது. அதில் நியாயம் உண்டு. ஆனால் நன்கொடையாளர் என்று யாரும் இல்லாததால், பதவிக்கு வந்ததும் யாருக்கும் துறை பிரித்துக் கொடுக்க வேண்டிய கடனும் இருக்கவில்லை. கமிஷனர்களைக் கட்சி பார்க்காமல் தேர்ந்தெடுக்க முடிந்ததற்கு இதுவே முக்கியக் காரணம்.

மேயர் என்றதும் அங்கி போட்டுக்கொண்டு கூட்டம் நடத்துபவரை நினைக்க வேண்டாம். நியூயார்க் மேயர் நிஜமான நிர்வாகத் தலைவர். சுமார் 3 லட்சம் ஊழியர்கள், அப்போது 4,200 கோடி டாலர் அளவில் பட்ஜெட். போலீஸ், தீயணைப்பு, குப்பை, சுகாதாரம், கட்டடத் துறைகளின் கமிஷனர்களை அவரே நியமிப்பார், பெரும்பாலான நியமனங்களுக்குக் கவுன்சிலின் ஒப்புதல்கூடத் தேவையில்லை. 51 உறுப்பினர் கவுன்சில் போடும் சட்டத்தை அவர் நிராகரித்தால், அதை மீற 34 ஓட்டு வேண்டும். இந்த மேயரையும் கட்டிப்போடும் இடம் ஒன்று உண்டு. நகரம் மாநிலத்தின் பிள்ளை. வரிவிதிப்பு, பள்ளிக்கூடம், சுரங்க ரயில், வாடகைக் கட்டுப்பாடு எல்லாவற்றிலும் ஆல்பனியில் இருக்கும் மாநிலச் சட்டமன்றம் தலையாட்ட வேண்டும்.

முதல் வருஷப் பட்ஜெட்டைப் பாருங்கள். தாக்குதலுக்குப் பிறகு வருமானம் சரிந்து, பற்றாக்குறை கிட்டத்தட்ட 500 கோடி டாலர். கம்பெனியாக இருந்தால் கடன் வாங்கி இரண்டு வருஷம் நஷ்டத்தில் ஓட்டியிருப்பார்கள். நகரத்தால் முடியாது. 1975இல் திவாலாகும் நிலைக்குப் போனதிலிருந்து பட்ஜெட் ஒவ்வொரு வருஷமும் சமன் ஆகியே தீர வேண்டும். பற்றாக்குறை 10 கோடி டாலரைத் தாண்டினால் மாநிலத்தின் நிதிக் கட்டுப்பாட்டு வாரியம் உள்ளே வந்து சாவியை வாங்கிக்கொள்ளும் என்பது அன்றைய விதி. நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்கும், பூர்வாங்க பட்ஜெட் ஜனவரியில், மேயரின் முழு பட்ஜெட் ஏப்ரல் வாக்கில், கவுன்சில் ஒப்புதல் ஜூன் 30க்குள்.

அப்போது அவர் கையில் என்னென்ன வரி இருந்தது? வருமான வரி, விற்பனை வரி இரண்டையும் ஏற்ற ஆல்பனி வேண்டும். வெளியூரிலிருந்து வந்து வேலை பார்ப்பவர்கள் மீதிருந்த வரியை மாநிலம் 1999இலேயே எடுத்துவிட்டது. கவுன்சில் ஓட்டு மட்டும் போதுமானது ஒன்றே ஒன்று: சொத்துவரி. 25 சதவீதம் கேட்டார், பேரத்தில் 18.5 சதவீதத்துக்கு இறங்கினார், 2002 கடைசியில் நிறைவேற்றி, நிதியாண்டின் நடுவிலேயே அமலாக்கினார். கருத்துக்கணிப்பில் பெயர் பாதாளத்துக்குப் போனது. ஆனால் நகரம் நிமிர்ந்தது, 2004இல் வீட்டுக்காரர்களுக்கு 400 டாலர் திருப்பித் தரும் அளவுக்குப் பணம் வந்தது. மாநிலத்திடம் கேட்ட வருமான வரி, விற்பனை வரி உயர்வும் 2003இல் வந்தது, ஆளுநரின் நிராகரிப்பைச் சட்டமன்றம் மீறிய பிறகு. கம்பெனி ஆட்கள் வந்தால் செலவைத்தான் வெட்டுவார்கள் என்பது பொது நம்பிக்கை. இவர் செலவையும் வெட்டினார், தீயணைப்பு நிலையங்களைக்கூட மூடினார், ஆனால் காப்பாற்றியது வரி உயர்வு. தட்டுப்பாடு எவ்வளவு, அதை அடைக்கும் கருவி எது என்று கணக்கைப் பார்த்து, கெட்ட பெயரை முதல் வருஷத்திலேயே வாங்கிக்கொண்டது வர்த்தகக்காரர் புத்தி. நஷ்டத்தைத் தள்ளிப்போடாமல் அன்றைக்கே எழுதிவிடுவது.

வந்தவுடன் இன்னொன்றும் செய்தார். மேயரின் தனி அறையைச் சடங்குக்கு வைத்துவிட்டு, சிட்டி ஹாலின் ஒரு பெரிய கூடத்தில் தடுப்புச்சுவர் இல்லாமல் ஐம்பது சொச்சம் மேசைகளைப் போட்டு நடுவில் தானும் உட்கார்ந்தார். துணை மேயர்கள் சுற்றிலும். வர்த்தகத் தளத்தின் அதே அமைப்பு. அந்தக் கூடம் எது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முன்பு நகரத்தின் ஒப்பந்தங்களையும் நில முடிவுகளையும் மேயரோடு பங்குபோட்டுத் தீர்மானித்த மதிப்பீட்டு வாரியம் கூடிய இடம் அது. ஆளுக்கொரு ஓட்டு என்ற விதிக்கு ஒவ்வாது என்று 1989இல் உச்ச நீதிமன்றம் சொன்னதால் வாரியம் போனது, அதன் அதிகாரத்தில் பெரும்பகுதி மேயருக்கும் கவுன்சிலுக்கும் வந்தது. ப்ளூம்பெர்க் காட்டிய வேகத்தில் ஒரு பங்கு அந்தத் தீர்ப்பின் புண்ணியம். பதினைந்து வருஷம் முன்னால் வந்திருந்தால் அந்தக் கூடத்தில் கையெழுத்துக்குக் காத்திருந்திருப்பார்.

இப்போது அந்த ஹெல்ப் பட்டன். 2003 மார்ச்சில் 311 என்ற ஒற்றை எண் வந்தது. அதற்கு முன் சாலைப் பள்ளத்துக்கு ஒரு எண், எலித்தொல்லைக்கு ஒரு எண், வீட்டில் சூடு வரவில்லை என்றால் இன்னொன்று என்று டைரக்டரியில் பக்கம் பக்கமாக ஓடியது. 311இல் 24 மணி நேரமும் ஒரு ஆள் எடுப்பார், மொழிபெயர்ப்பாளர் உதவியோடு 170க்கும் மேற்பட்ட மொழிகளில். புகாருக்கு ஒரு எண் விழும், அது உரிய துறைக்குப் போகும், துறை அதை முடித்ததாகக் குறிக்கும், அழைத்தவர் அந்த எண்ணை வைத்துத் தொடர்ந்து விசாரிக்கலாம். மக்களுக்குத் தெரிவது இவ்வளவுதான். நிர்வாகத்துக்குக் கிடைத்தது அதைவிடப் பெரிது: எந்தத் தெருவில், எந்த நேரத்தில், எந்தத் தொல்லை என்று பதிவாகும் ஒரு வரைபடம். டெர்மினலில் வாடிக்கையாளர் எந்தப் பட்டனை அழுத்துகிறார் என்று பார்த்துப் பார்த்துப் பொருளைத் திருத்துபவருக்கு இது பழகிய வித்தை.

2005 முதல் மன்ஹாட்டனில் அவ்வப்போது மேப்பிள் பாகு மாதிரி ஒரு இனிப்பு வாசனை பரவி மறையும். விஷவாயுவோ என்று ஜனங்கள் பயந்தார்கள். 311க்கு வந்த அழைப்புகளின் இடத்தையும் நேரத்தையும் வரைபடத்தில் குறித்து, அன்றைய காற்றின் திசையையும் வேகத்தையும் சேர்த்துப் பின்னோக்கிக் கோடு போட்டார்கள். கோடு ஆற்றைத் தாண்டி நியூஜெர்சியில் ஒரு வாசனைப் பொருள் ஆலையில் போய் நின்றது. 2009 பிப்ரவரியில் மேயரே அறிவித்தார்: வெந்தயம். ஆலையில் வெந்தயத்தைப் பதப்படுத்தும்போது வந்த வாசனை. வெந்தயத்தை வாணலியில் வறுத்த கை ஒன்று அந்த ஊர் அதிகாரிகளுக்குள் இருந்திருந்தால் நான்கு வருஷம் ஆகியிருக்காது.

311இலும் ஓட்டை உண்டு. முடித்ததாகக் குறிப்பது துறையே. பள்ளத்தை நிரப்பி முடிப்பதும், ஆள் போனார், கதவு பூட்டியிருந்தது என்று எழுதி முடிப்பதும் கணக்கில் ஒன்றுதான். சராசரி நாள் குறைந்துகொண்டே வரும், தெருவில் இருப்பவருக்கு ஒன்றும் மாறியிருக்காது. எதை எண்ணுகிறீர்களோ அதை ஊழியர்கள் செய்து காட்டுவார்கள் என்ற இந்தக் கோளாறு போலீஸ் துறையில் மிக மோசமாக வெளிப்பட்டது. தெருவில் ஆட்களை நிறுத்திச் சோதிக்கும் எண்ணிக்கை 2002இல் சுமார் 97,000. 2011இல் 6,85,724. நிறுத்தப்பட்டவர்களில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பேர் எந்த வழக்கும் இல்லாமல் அனுப்பப்பட்டவர்கள், பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். நடைமுறை அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 2013 ஆகஸ்ட்டில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதவிக்காலம் முழுக்க அதை விடாமல் ஆதரித்த ப்ளூம்பெர்க், 2019 நவம்பரில், ஜனாதிபதி தேர்தலில் இறங்கும் தறுவாயில், மன்னிப்புக் கேட்டார்.

சாவி யார் கையில் என்ற விஷயத்துக்கு வருகிறேன், மூன்று திட்டங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம்.

மன்ஹாட்டனின் மேற்குக் கரையில் ஒரு விளையாட்டரங்கம் கட்டி, அதை வைத்து 2012 ஒலிம்பிக்ஸைப் பிடிக்க நினைத்தார். மாநிலத்தின் பங்குத் தொகைக்கு ஒரு வாரியம் ஒப்புதல் தர வேண்டும். அதில் ஆளுநர், கீழவைத் தலைவர், மேலவைத் தலைவர் மூவர் தரப்புக்கும் தனித்தனியே தடுக்கும் அதிகாரம். 2005 ஜூனில் இரு அவைத் தலைவர்களும் ஆதரவு தரவில்லை, திட்டம் அன்றே செத்தது. அடுத்த மாதம் ஒலிம்பிக்ஸ் லண்டனுக்குப் போனது.

அதே இடத்துக்கு 7ஆம் தடச் சுரங்க ரயிலை நீட்டும் திட்டம் பிழைத்தது. ரயில் நிறுவனம் மாநிலத்துடையது, அது பணம் போட மறுத்தது. துணை மேயர் டேன் டாக்டராஃபின் குழு வேறு வழி பிடித்தது. நகரம் ஒரு தனி நிறுவனத்தை வைத்துக் கடன்பத்திரம் வெளியிடும், அந்தப் பகுதியில் எழும் புதுக் கட்டடங்களிலிருந்து வரும் வருமானத்தில் கடன் அடையும், அதுவரை வட்டியில் விழும் துண்டை நகரமே கட்டும். 200 கோடி டாலருக்கு மேல் ஆன இந்தத் தடத்தில் திட்டமிட்ட இரண்டு நிலையங்களில் ஒன்று செலவால் கழன்றது, மற்றது 2015 செப்டம்பரில் திறந்தது. கட்டடங்கள் தாமதமானதால் நகரம் எதிர்பார்த்ததைவிட அதிகம் வட்டி கட்ட நேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும் நடந்தது, ஏனென்றால் எந்தக் கையெழுத்துக்கும் ஆல்பனியில் வரிசை கட்டி நிற்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது நெரிசல் கட்டணம். 2007இல் அறிவித்தார்: வேலை நாட்களில் நடு மன்ஹாட்டனுக்குள் வரும் காருக்கு 8 டாலர். கவுன்சில் 2008 மார்ச் கடைசியில் 30க்கு 20 என்று ஒப்புக்கொண்டது. மத்திய அரசு 35 கோடியே 40 லட்சம் டாலர் தருவதாகச் சொல்லியிருந்தது. ஏப்ரலில் மாநிலக் கீழவைத் தலைவர் ஷெல்டன் சில்வர் அதை ஓட்டுக்கே எடுக்கவில்லை. தோற்கடிக்கக்கூட இல்லை, கூட்டத்தில் பேசி, போதிய ஆதரவில்லை என்று மடித்து வைத்துவிட்டார். கம்பெனி உலகத்தில் இப்படி ஒரு முடிவு கிடையாது. அங்கே இயக்குநர் குழு ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லும். சட்டமன்றத்தில் ஒன்றும் சொல்லாமலேயே கொல்லலாம். உறுப்பினர்களின் தொகுதிக் கணக்கைத் தனித்தனியாகப் பேசித் தீர்ப்பது பொறுமை வேலை, அவருக்கு அதில் ருசியில்லை என்பது அப்போதே பரவலான விமர்சனம். கடைசியில் நெரிசல் கட்டணம் 2025 ஜனவரியில் 9 டாலரோடு அமலுக்கு வந்தது, மாநிலச் சட்டத்தின் கீழ், மாநில நிறுவனத்தின் கையில்.

நில மறுவகைப்படுத்தலில், அதாவது எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்ற விதியை மாற்றுவதில் மட்டும் ஆள் கொடிகட்டிப் பறந்தார், 120க்கும் மேல். முறை தெளிவாக இருந்ததே காரணம்: அக்கம்பக்கக் குழுவுக்கு 60 நாள், பரோ (நகரத்தின் ஐந்து பெரும் பகுதிகளில் ஒன்று) தலைவருக்கு 30, நகரத் திட்டக் கமிஷனுக்கு 60, கவுன்சிலுக்கு 50. முதல் இருவரும் ஆலோசனைதான் சொல்ல முடியும். கமிஷனில் பெரும்பான்மை மேயரின் ஆட்கள். கவுன்சிலில் அந்த வட்டார உறுப்பினரைச் சமாதானப்படுத்தினால் பெரும்பாலும் முடிந்தது. காலக்கெடு உள்ள இடத்தில் நிர்வாகி மூளை நன்றாக ஓடும்.

ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் அவர் பெயரெடுத்தவர், ஆனால் அதிலும் ஒரு பெரிய சறுக்கல். 2002இல் மாநிலம் பள்ளிகளின் கட்டுப்பாட்டை மேயருக்குக் கொடுத்தது. வழக்கறிஞராக இருந்து நிறுவனத் தலைமைக்குப் போன ஜோயல் க்ளைனைப் பொறுப்பில் வைத்தார், அவர் எட்டு வருஷம் தாக்குப்பிடித்தார். அடுத்து 2010இல் பத்திரிகைக் குழுமத் தலைவர் கேத்தி பிளாக். கல்வித்துறை அனுபவம் இல்லாததால் மாநிலத்தின் தனி விலக்கு வாங்கித்தான் நியமிக்க முடிந்தது. 2011 ஜனவரியில் வந்தார், ஏப்ரலில் போனார். பெற்றோர் கூட்டத்தில் கத்துபவரை வாடிக்கையாளராக நினைத்தால் கதை முடிந்தது. வாடிக்கையாளர் பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போவார், பெற்றோர் எங்கும் போகமாட்டார், அடுத்த கூட்டத்துக்கு இன்னும் பத்துப் பேரோடு வருவார்.

தொழில்நுட்ப மன்னர் என்ற பெயருக்கே கறை படிந்தது சிட்டிடைம் விவகாரத்தில். ஊழியர்களின் வருகைப் பதிவைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் சாதாரண வேலை. இவருக்கு முன்பே, 1998இல், 6 கோடியே 30 லட்சம் டாலர் மதிப்பீட்டில் தொடங்கியது, 70 கோடியைத் தாண்டியது. எங்கே வழுக்கியது என்றால், நடுவில் ஒப்பந்தத்தைத் திருத்தி, செலவு ஏறினால் அதை ஒப்பந்தக்காரர் தாங்குவது என்பதை மாற்றி நகரத்தின் தலையில் ஏற்றினார்கள். வேலை இழுக்க இழுக்க ஒப்பந்தக்காரருக்கு லாபம். தரத்தைக் கண்காணிக்க நகரம் அமர்த்திய ஆலோசகரே லஞ்ச வலைக்குள் இருந்தார். 2010 டிசம்பரில் கைதுகள், 2012இல் முதன்மை ஒப்பந்த நிறுவனம் 50 கோடி டாலர் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. சொந்தக் கம்பெனியில் மென்பொருளைத் தன் ஆட்களை வைத்தே எழுத வைத்தவர், நகரத்தில் ஒப்பந்தத்தின் விலைவிதியைப் பார்க்காமல் விட்டார்.

அதே 2010 டிசம்பரில் 20 அங்குலப் பனி கொட்டியது. பனி அவசரநிலை அறிவித்திருந்தால் முக்கியச் சாலைகளில் கார்கள் நிற்கத் தடை விழுந்திருக்கும். அறிவிக்கவில்லை. கார்கள் சிக்கின, அவற்றின் பின்னால் பஸ்கள் சிக்கின, பனி தள்ளும் வண்டிகள் நுழைய வழியில்லை, ஆம்புலன்ஸ்கள் நின்றன. மன்ஹாட்டன் மறுநாளே நடமாட, மற்ற பரோக்களின் உள்தெருக்கள் நாள்கணக்கில் மூடிக் கிடந்தன. அதன்பிறகுதான் பனி வண்டிகளில் ஜிபிஎஸ் வந்தது.

மூன்றாவது பதவிக்காலத்தில் நடந்தவை இவை, அந்தப் பதவிக்காலம் வந்த விதமே சர்ச்சை. இரண்டு தடவைக்கு மேல் கூடாது என்று மக்கள் 1993லும் 1996லும் ஓட்டுப் போட்டுச் சொல்லியிருந்தார்கள். 2008 அக்டோபரில், நிதி நெருக்கடியைக் காட்டி, கவுன்சில் வழியாக 29க்கு 22 என்று அதை மூன்றாக்கினார். கவுன்சிலர்களின் பதவிக்கும் அதே சட்டம் ஆயுள் கூட்டியது என்பதைக் கவனியுங்கள், பேரம் சுலபமானது அதனால்தான். அவரிடம் நன்கொடை பெற்ற சில அமைப்புகளிடம் ஆதரவு கேட்கப்பட்டதாக நாளிதழ்கள் எழுதின. 2009இல் 10 கோடி டாலருக்கு மேல் செலவழித்தும் ஐந்து சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில்தான் ஜெயித்தார். 2010இல் மக்கள் மறுபடி ஓட்டுப் போட்டு இரண்டுக்கே இறக்கினார்கள்.

சம்பளம் வருஷத்துக்கு 1 டாலர் வாங்கினார். கம்பெனியின் அன்றாட நிர்வாகத்தை விட்டாலும் பெரும்பங்கு உரிமையை விடவில்லை. நகரத்தின் நலன்முரண் வாரியம் நிபந்தனைகளோடு அதை அனுமதித்தது.

2013 டிசம்பர் 31 அன்று அவர் கிளம்பியபோது பட்ஜெட் சமன், கஜானாவில் பணம். நகர ஊழியர் சங்கங்களின் ஒப்பந்தங்கள் மட்டும் 152ம் காலாவதியாகிக் கிடந்தன, சிலது வருஷக்கணக்கில். பின்தேதியிட்ட சம்பள உயர்வை யார் கொடுப்பது என்ற பேச்சு அடுத்த மேயர் பில் டி ப்ளாசியோவின் மேசைக்குப் போனது. ஆசிரியர் சங்கத்தோடு அவர் 2014 மே மாதத்திலேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்.